கம்பளிக்குள்ள இருந்த சூடு

எங்க அம்மாயிக்கு உலகத்துல இருக்கிற எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான். ஒரு பெரிய சட்டியில தண்ணி, அதுக்குள்ள டர்பன்டைன் இலை, தேசிக்காய் இலை, கொஞ்சம் மஞ்சள். தண்ணி தளதளன்னு கொதிச்சதும் இறக்கி வச்சு, நம்மளை முன்னால குந்த வச்சு, தலையோட கம்பளியைப் போட்டு மூடிரும். உள்ளுக்குள்ள மூச்சு முட்டும், கண்ணு எரியும், வேர்வை ஊத்தும். வெளிய தலையை நீட்டினா ஒரு தட்டு. "பேசாம இரு. சூடு இரத்தத்துல இறங்கணும்."

சூடு இரத்தத்துல இறங்கும்னு அம்மாயி சொன்னது சின்ன வயசுல எனக்குச் சும்மா ஒரு பேச்சாத்தான் பட்டது. கொரோனா காலத்துல வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு வேற உடுப்புப் போட்டுட்டு வந்தது. ஆவி பிடிச்சா நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், சுடுதண்ணி குடிச்சா வைரஸ் செத்துடும்னு ஆளாளுக்கு அனுப்பினாங்க. அதுல பெரும்பகுதி பொய்னு தெரிஞ்சதும், அம்மாயி சொன்னதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டேன்.

பிறகு காய்ச்சலின் வரலாற்றைக் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன். வியன்னாவில், நியூயோர்க்கில், பொஸ்டனில் நடந்த கதை அது. ஆனா அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம ஊவா மாகாணத்துக்குள்ளேயே நடந்திருக்கு. அதை நம்மில் யாரும் பெருசா பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேல குளிரு, கீழ காய்ச்சல்

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு பஸ்ஸில் இறங்கியவர்களுக்குத் தெரியும். ராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி, வளைவு வளைவாக இறங்க இறங்க, காத்து மாறும். போட்டிருக்கிற சுவெட்டரைக் கழட்டத் தோணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேற நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் ஆயிரம் மீற்றருக்கு மேலே. பதுளை டவுன் கிட்டத்தட்ட 680 மீற்றர். அதுக்குக் கீழே வெல்லவாய, புத்தல, மொனராகலை, பிபிலை, மஹியங்கனை.

மலேரியாவின் வரைபடமும் இந்த உயரக் கணக்கை ஒட்டித்தான் இருந்தது. மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் வயித்துக்குள்ள வளர்ந்து முதிர்றதுக்கு ஒரு குறிப்பிட்ட சூடு வேணும். சுமார் 16 பாகைக்குக் கீழே போனா அது வளராது. அதனால உயரமான தோட்டங்களில் மலேரியா குறைவு. கீழே இறங்க இறங்கக் கூடும். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அதுக்கு முந்திய தலைமுறைகளில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு, அநுராதபுரம், மாத்தளைன்னு நடந்தே மலைக்கு வந்த நம்ம ஆட்கள், அந்தத் தாழ்நிலக் காய்ச்சலைக் கடந்துதான் வந்தாங்க. கடக்க முடியாதவங்க வழியிலேயே விழுந்தாங்க. குளிரடிக்கிற மலைக்கு ஏறி வந்தவங்க சிலர் காய்ச்சலையும் உடம்புக்குள்ள வச்சுக்கிட்டே ஏறினாங்க. விவாக்ஸ் என்கிற வகை மலேரியா ஈரலில் மாசக்கணக்கா ஒளிஞ்சிருந்து திரும்பி வரக்கூடியது.

1934–35இல் இலங்கையில் வந்த மலேரியா கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேரைக் கொண்டு போனது. மழை பொய்த்து, ஓடிக்கிட்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரழிவு. உயரமான தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

அந்தக் காலத்துல மருந்துன்னா கொயினா. அதோட கசப்பைப் பற்றி வீட்டுப் பெரியவங்க முகத்தைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்வாங்க. 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யணும்னு காலனி அரசு சட்டம் போட்டது. அதுக்குப் பின்னால இருந்த கணக்கையும் மறக்கக் கூடாது. காய்ச்சல்காரனுக்கு அன்றைக்குப் பேர் விழாது. காய்ச்சல்காரன் மலைக்குப் போகாட்டி கோப்பியோ கொழுந்தோ இறங்காது. காய்ச்சல்னா தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு நட்டக் கணக்கு. உடம்பு ஏன் சூடாகுதுன்னு அந்தப் புத்தகத்துக்குக் கவலையில்லை.

காய்ச்சலையே மருந்தாக்கியவர்கள்

அதே காலத்துல உலகின் இன்னொரு பக்கத்தில், சில மருத்துவர்கள் காய்ச்சலை வேண்டுமென்றே வரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

1890களில் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். புற்றுநோய்க் கட்டி இருந்த ஒருவருக்குத் தோலில் கிருமித் தொற்று வந்து, கடும் காய்ச்சல் அடித்து, அதன் பிறகு கட்டி மறைந்திருந்தது. கோலி கிருமிகளையும், பின்னர் கொல்லப்பட்ட கிருமிக் கலவையையும் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டு, காய்ச்சலை உண்டாக்கினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

1917இல் வியன்னாவில் ஜூலியஸ் வாக்னர்-யாரெக் இன்னும் துணிச்சலான காரியம் செய்தார். சிபிலிஸ் கிருமி மூளைக்கு ஏறி, புத்தி பேதலித்து, செத்துப் போகிற நிலையில் இருந்தவர்களுக்கு அப்போது மருந்தே இல்லை. போர்முனையிலிருந்து மலேரியாவோடு வந்த ஒரு சிப்பாயின் இரத்தத்தை எடுத்து அந்த நோயாளிகளுக்கு ஏற்றினார். முறை வச்சு நடுக்கக் காய்ச்சல் வந்தது. பல சுற்று முடிந்ததும் கொயினா கொடுத்து நிறுத்தினார். சிலர் தெளிந்தார்கள். சிலர் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார்கள். 1927இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்ம ஆட்கள் எந்தக் காய்ச்சலுக்குப் பயந்து கொயினாவை விழுங்கினாங்களோ, அதே காய்ச்சலை ஐரோப்பிய ஆஸ்பத்திரிகள் மருந்தாக ஏற்றிக்கொண்டிருந்தன.

மலேரியாவைக் கொடுப்பது ஆபத்து; சூட்டை மட்டும் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியோடு 1930களில் அமெரிக்காவில் சூட்டுப் பெட்டிகள் வந்தன. தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பு பெட்டிக்குள் மணிக்கணக்காக வேகும். கார்களுக்கு மின்சார ஸ்டார்ட்டர் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங்கின் பெயரோடு அப்படி ஒரு இயந்திரமே இருந்தது. 1937இல் நியூயோர்க்கில் காய்ச்சல் சிகிச்சைக்கென்று ஒரு சர்வதேச மாநாடும் நடந்தது. அம்மாயியின் கம்பளிக்கும் அந்தப் பெட்டிக்கும் தத்துவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1940களில் பெனிசிலின் வந்ததும் பெட்டி, மலேரியா ஊசி இரண்டுமே மூலைக்குப் போயின. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. சூடு கிருமியை நேரே சுட்டுக் கொல்கிறதா, அல்லது உடம்புக்குள்ளே வேறு எதையோ கிளப்பி விடுகிறதா?

இரத்தத்தில் ஓடும் தபால்

1948இல் அமெரிக்காவில் போல் பீசன், முயலின் வெண்குழியங்களிலிருந்து எடுத்த ஒரு சாற்றை வேறு முயலுக்கு ஏற்றினால் காய்ச்சல் வருவதைக் காட்டினார். 1955இல் அட்கின்ஸ், வூட் என்ற இருவர், காய்ச்சலில் இருக்கும் முயலின் இரத்தத்திலேயே அப்படி ஒரு பொருள் சுற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். காய்ச்சலைக் கிருமி நேரே உண்டாக்கவில்லை. நம்ம உடம்பே, கிருமியைக் கண்டதும், இரத்தத்தில் ஒரு தபாலைப் போடுகிறது.

1977இல் சார்லஸ் டினரெல்லோ அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார். இன்றைக்கு அதன் பெயர் இன்டர்லூக்கின்-1. 1975இல், கோலி வேலை செய்த அதே நியூயோர்க் ஆய்வு மரபில் வந்தவர்கள், கட்டியை அழிக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் கண்டுபிடித்து அதற்கு டி.என்.எஃப் என்று பெயர் வைத்தார்கள். கோலிக்குப் புரியாமல் போன விசயத்தில் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து விடை வந்தது. இந்த மாதிரிச் செய்தி கொண்டு போகிற புரதங்களுக்கெல்லாம் பொதுப்பெயர் சைட்டோகைன்.

தபால் போய்ச் சேரும் இடம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ். உடம்பின் சூட்டை 37 பாகையில் பிடித்து வைத்திருக்கிற இடம் அது. சைட்டோகைன் வந்ததும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் அங்கே சுரந்து, அளவை 39க்கு மேலே தள்ளி வைக்கிறது. உடம்பு இன்னும் 37இல்தான் நிற்கிறது; மூளையோ "குளிருது, சூடாக்கு" என்கிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது நமக்குக் குளிர்கிறது, பல்லு கிடுகிடுக்கிறது, கம்பளியைத் தேடுகிறோம். அந்த நடுக்கம்தான் தசையை ஆட்டிச் சூட்டை உண்டாக்குகிற வேலை. அஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அந்தப் புரொஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான் காய்ச்சலை இறக்குகின்றன. 1971இல் இதைக் கண்டு சொன்ன ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் காய்ச்சல் உடம்பு விடுகிற பிழையா, அல்லது தெரிந்தே செய்கிற வேலையா? 1975இல் மத்தியூ குளூகர் ஓணான் மாதிரியான பாலைவனப் பல்லிகளை வைத்துச் சோதித்தார். பல்லியால் தானாகச் சூட்டை உண்டாக்க முடியாது. சூடான இடத்தைத் தேடித்தான் போகணும். கிருமி ஏற்றப்பட்ட பல்லிகளில், சூடான இடத்தில் வைக்கப்பட்டவை கூடுதலாகப் பிழைத்தன. குளிரான இடத்தில் இருந்தவை கூடுதலாகச் செத்தன. அதிலிருந்து காய்ச்சல் வெறும் தொல்லை என்று சொல்வது கஷ்டமாகிப் போனது.

கதிர்காமத்து இரத்தம்

இனி நம்ம ஊர்ப் பக்கம்.

கதிர்காமத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஆடித் திருவிழா, தீமிதிப்பு, மாணிக்க கங்கையில் முங்குவது எல்லாம் ஞாபகம் வரும். ஊவாத் தோட்டங்களில் வேன் பிடித்துப் போகாத குடும்பம் குறைவு. நிர்வாகப்படி அது மொனராகலை மாவட்டம், நம்ம ஊவா மாகாணம்தான். 1980களில் அது மலேரியா ஆய்வாளர்களுக்கும் முக்கியமான ஊராக இருந்தது. அங்கே விவாக்ஸ் மலேரியா விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

நாடு மலேரியாவை ஒருமுறை கிட்டத்தட்ட வென்றிருந்தது. டி.டி.டி. அடித்ததில் 1963இல் முழு நாட்டுக்குமே 17 நோயாளிகள்தான். பிறகு கவனம் தளர, 1960களின் கடைசியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அந்தத் திரும்பி வந்த காலத்தில்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கமினி மென்டிஸ், நதீரா கருணாவீர ஆகியோரும், வெளிநாட்டிலிருந்து ரிச்சர்ட் காட்டர், ஜோர்ஜ் க்ராவ் ஆகியோரும் சேர்ந்து இந்தக் காய்ச்சலின் இரத்தத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1992இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, ஆனா செய்யப் பொறுமை வேணும். விவாக்ஸ் காய்ச்சல் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும். செங்குழியங்களுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குழியத்தை உடைத்து வெளியேறும் நேரம் அது. முதலில் குளிர், பிறகு சூடு, கடைசியில் வேர்வை. ஒரு சுற்று முடிய சில மணித்தியாலம். அந்தச் சுற்று நடக்க நடக்க நோயாளியின் பக்கத்தில் இருந்து, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்து, உடல் வெப்பத்தையும் டி.என்.எஃப் அளவையும் ஒன்றாகக் குறித்தார்கள். இரண்டு கோடும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்கின. டி.என்.எஃப் கொஞ்சம் முன்னால் போனது, சூடு பின்னால் வந்தது. முயலில் பார்த்ததை இங்கே மனிதரில், நிஜமான நோயில் பார்த்தார்கள்.

அதே குழு இன்னொன்றையும் கண்டது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த இரத்தத்துக்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் தன்மை இருந்தது. அதுக்கு டி.என்.எஃப் தேவைப்பட்டது. ஆளைப் போட்டு வாட்டுகிற அதே பொருள்தான் ஒட்டுண்ணியையும் வாட்டுகிறது.

1998இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு கதிர்காமத்து ஆட்களையும், மலேரியா இல்லாத கொழும்பிலிருந்து போய் நோயைப் பிடித்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. தலையிடி, குளிர், உடம்பு நோவு எல்லாத்தையும் புள்ளி போட்டு எண்ணினார்கள். கதிர்காமத்தவர்களுக்கு அவஸ்தை குறைவாக இருந்தது. ஒட்டுண்ணி இரத்தத்தில் இருந்தும், திரும்பத் திரும்ப அந்தக் காய்ச்சலைக் கண்ட உடம்பு அதைத் தாங்கப் பழகியிருந்தது. தாங்கப் பழகுவதற்கு அவர்கள் கொடுத்த விலை எத்தனை காய்ச்சல், எத்தனை வேலை நாள் என்று யோசித்துப் பாருங்க. உலகத்துக்கே பாடமான அந்த இரத்தத்தில் ஒரு பகுதி ஊவாவின் ஏழைச் சனத்தின் கையிலிருந்து எடுத்தது.

சரி, அம்மாயி சொன்னது?

காய்ச்சலில் தபால் முதலில், சூடு பிறகு. ஆவி பிடிக்கும்போதும் சுடுதண்ணியில் உட்காரும்போதும் கதை தலைகீழ். சூடு வெளியிலிருந்து முதலில் வருகிறது. அப்போது தபால் ஓடுமா?

ஓடுகிறது. ஆனால் கொஞ்சம் வேற தபால். உடற்பயிற்சி செய்யும்போது தசையிலிருந்தே இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் இரத்தத்தில் கலக்கிறது என்று 2000ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கில் பென்டே பெடர்சனின் குழு காட்டியது. தசையிலிருந்து வரும்போது அது அழற்சியைக் கூட்டுவதற்குப் பதிலாக, அதை அடக்குகிற வேறு புரதங்களைக் கூட்டி வந்தது. அனுப்பின இடத்தையும் நேரத்தையும் பொறுத்து ஒரே கடிதத்துக்கு வேற அர்த்தம்.

பிரித்தானியாவின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் இதையே சுடுதண்ணியில் சோதித்தார்கள். 2018இல் வந்த ஆய்வில், உடற்பயிற்சி இல்லாத, எடை கூடிய பத்துப் பேர் 39 பாகைத் தண்ணியில் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். இருந்து முடிந்ததும் இன்டர்லூக்கின்-6 ஏறியது. இரண்டு கிழமைக்குள் பத்துத் தடவை இப்படிச் செய்ததும், வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவும் இன்சுலினும் குறைந்தன. பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது வருடமளவில் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், சவுனா எனும் சூட்டறைக்குக் கிழமைக்கு நாலு தடவை அல்லது அதற்கு மேல் போனவர்களிடம் மாரடைப்பு மரணம் குறைவாக இருந்தது. இதை அளவோடுதான் எடுத்துக்கணும். பத்துப் பேர் என்பது சின்னத் தொகை. சவுனாவுக்கு அடிக்கடி போக நேரமும் உடல்நலமும் இருக்கிறவர்கள் மற்ற வகையிலும் கொடுத்து வச்சவர்களாக இருக்கலாம்.

அப்போ அம்மாயியின் வாக்கியம் பாதி சரி. சூடு இரத்தத்தில் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு உள்ளுடம்பே ஒரு பாகை அளவில் சூடாகி, ஒரு மணித்தியாலம் போல அப்படியே நிற்கணும். கம்பளிக்குள் பத்து நிமிசம் முகத்தைக் காட்டினால் அவ்வளவு ஏறாது. மூக்கடைப்பு இளகின மாதிரி இருக்கும், மனசுக்கு இதமா இருக்கும். வைரஸ் சாகாது. சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் வெந்து போவது மட்டும் நிச்சயமாக நடக்கிற ஒன்று.

இன்னொரு எல்லையும் இருக்கு. சூடு 40 பாகையைத் தாண்டி, உடம்பால் இறக்க முடியாமல் போனால், அதே சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் கொட்டி, உறுப்புகளையே கெடுக்கும். வெயில் அடித்து ஆட்கள் சுருண்டு விழுவது அப்படித்தான். காய்ச்சலில் மூளை ஒரு அளவு குறித்துத்தான் சூட்டை ஏற்றுகிறது. வெயிலில் அந்தக் கடிவாளம் இல்லை.

மூன்றாம் நாள்

2012க்குப் பிறகு இலங்கையில் உள்ளூரில் பிடித்த மலேரியா இல்லாமல் போய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. கதிர்காமத்துக்கு இப்போது மலேரியாவுக்குப் பயப்படாமல் போகலாம். ஆனா காய்ச்சல் போகவில்லை, டெங்கு இருக்கிறது. அதனால ஒரு நடைமுறைப் பேச்சு: காய்ச்சலுக்கு அஸ்பிரின், ஐபுபுரோஃபன் வேண்டாம், பரசிட்டமோல் போதும். இரண்டு நாளில் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்குப் போங்க. சூடு இறங்கியதும் டெங்கு முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆபத்தான கட்டம் பல நேரம் அப்போதுதான் தொடங்கும். ஆவி பிடிச்சுக்கிட்டே நாளைக் கடத்தாதீங்க.

பல்லியிலிருந்து கதிர்காமம் வரைக்கும் பார்த்தால், காய்ச்சல் என்பது உடம்பு ஒரு வேலையில் இறங்கியிருக்கிற நேரம். அந்த வேலைக்குச் சக்தி நிறையப் போகும். அதனால்தான் அதே சைட்டோகைன்கள் நமக்குச் சோர்வையும் தூக்கத்தையும் பசியின்மையையும் சேர்த்தே அனுப்புகின்றன. படு என்கிறது உடம்பு. லயத்தில் அதைக் கேட்க முடிகிறதா? நாட்சம்பளத்தில் படுத்தால் பேர் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காய்ச்சல் இறங்க ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு, தலையில் கொங்காணியை மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறுகிறவர்கள் இன்றைக்கும் இருக்காங்க. 1872இன் சட்டத்திலிருந்து இன்றைய டிஸ்பென்சரி வரைக்கும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் பழகினோம். காய்ச்சலுக்குச் சம்பளத்தோட லீவு கொடுக்க இன்னும் சரியாகப் பழகவில்லை.

அம்மாயி எங்களைக் கம்பளிக்குள்ள வச்ச ராத்திரிகளை என்னால இப்பவும் எண்ண முடியும். வெந்த இலை வாசம், அதோட கையின் தட்டு, பிறகு ஒரு கிளாஸ் கொத்தமல்லித் தண்ணி, அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேணாம்னு ஒரு உத்தரவு. அதுக்குக் காய்ச்சல் வந்தப்போ யாரு கம்பளி போட்டு மூடினா, எந்த நாள் அது மலைக்குப் போகாம வீட்டுல படுத்திருந்ததுன்னு யோசிச்சுப் பார்க்கிறேன். ஒரு நாளும் ஞாபகம் வரல.